மாதவி மாலைக்கு ரசீது உண்டா?

சித்திரை வெயிலில் பூம்புகார் போறவனுக்கு மண்டையில் ஏதோ கழண்டிருக்கணும். எங்களுக்குக் கழண்டிருந்தது. மயிலாடுதுறையில் நண்பன் கல்யாணம், பந்தியில் ஒரு பிடி பிடிச்சாச்சு, "கடலைப் பார்த்துட்டு வந்துடலாம்டா"ன்னு ஒருத்தன் கிளப்பிவிட, நாலு பேர் கிளம்பிட்டோம்.

கடற்கரையில் ஒரு இளநீர்க் கடை. குடிச்சு முடிச்சு கியூஆர் அட்டையை ஸ்கேன் பண்ணினேன். கடைப் பலகையில் இருந்தது சாமி பெயர். போனில் வந்தது ஒரு பெண்ணின் முழுப் பெயர், இனிஷியலோட. கூட வந்த அறிவாளி எட்டிப் பார்த்து அதைச் சத்தமா வாசிச்சு, "இது யாருங்க?"ன்னான். கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துட்டு, "வீட்டுல" என்றார். அதுக்கு மேல பேசலை. அடுத்த காயைச் சீவப் போயிட்டார்.

எனக்குச் சோறு போடுறதே பணப் பரிமாற்ற மென்பொருள்தான். பணம் அனுப்பும் முன்னாடி "இவருக்குத்தானே அனுப்புறீங்க?"ன்னு பெயர் காட்டும் அந்த ஒரு வரி, எங்க தொழிலில் ரொம்பப் பெருமையாச் சொல்லிக்கிற விஷயம். தப்பான ஆளுக்குப் பணம் போகாது, ஏமாத்துறவன் மாட்டுவான். இளநீர்க் கடைக்காரருக்கு அதனால் ஒரு நொடி சங்கடம், அவ்வளவுதான். பெறுபவர் ஒரு பாலியல் தொழிலாளியா இருந்தா? ஊருக்கும் பிள்ளைக்கும் தெரியாமல் ஒரு பெயர், வாடிக்கையாளருக்கு ஒரு பெயர் என்று வாழ்கிறவர். அந்த ஒரு வரி அவரை என்ன செய்யும்?

திரும்பி வரும்போது வண்டியில் இதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். ஏன்னா, தமிழில் இந்த மாதிரிப் பணம் கை மாறியதற்கு இருக்கிற மிகப் பிரபலமான வர்ணனை, நாங்க இளநீர் குடிச்ச அதே ஊரில்தான் நடக்குது.

புகார் கணக்கு வழக்கில் கெட்டியான ஊர். பட்டினப்பாலையில் சுங்கம் வாங்குகிறவர்கள் சரக்கு மூட்டைகளில் சோழனின் புலி முத்திரையைக் குத்தி அனுப்புகிறார்கள். சிலப்பதிகாரத்தில் வணிகர்கள் தங்கள் பெயரும் எண்ணிக்கையும் பொறித்த பொதிகளைக் கடைவாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த மூட்டை யாருடையது, அதில் எவ்வளவு என்று வெளியிலேயே எழுதியிருக்கும். (காப்பியம்தான், கணக்குப் புத்தகம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனாலும் எழுதியவருக்குக் கடைத்தெரு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சிருக்கு.)

அந்த ஊரில் மாதவி. சித்திராபதி மகள். ஏழு ஆண்டு பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரசன் முன் அரங்கேற்றம், தலைக்கோல் பட்டம். அதுக்கப்புறம் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாப் பார்க்கணும். ஒரு மாலை. அதன் விலை 1008 கழஞ்சுப் பொன். இந்த மாலையை யார் வாங்குகிறாரோ அவரே மாதவிக்கு ஏற்றவர் என்று சொல்லி, அதை ஒரு கூனியின் கையில் கொடுத்து, ஊர்ப் பணக்கார இளைஞர்கள் உலாத்தும் தெருவில், விற்பவளைப் போல நிறுத்துகிறார்கள். கோவலன் வாங்குகிறான். வாங்கிய கையோடு கூனி கூடவே மாதவி வீட்டுக்குப் போகிறான். முடிஞ்சது.

ஒரு கழஞ்சு ஐந்து கிராம் சொச்சம் என்று வைத்துக்கொண்டால் அஞ்சு கிலோ தங்கம். நம்ம ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நூறு பவுன்னாலே ஊர் ஆறு மாசம் பேசும். இது அறுநூறு பவுனுக்கும் மேலே. நடுத்தெருவில். பட்டப்பகலோ அந்தியோ, மறைச்சுச் செய்யணும்னு யாருமே நினைக்கலை. விலை ஊருக்குத் தெரியும். வாங்கினவன் யாருன்னு தெரியும். கண்ணகி வீட்டுக்கும் தெரியும். கோவலன் பின்னாடி வருத்தப்படுவது முன்னோர் சேர்த்த மலை மாதிரிச் செல்வம் தொலைஞ்சு போச்சே என்றுதான். பணம் கொடுத்தது வெளியே தெரிஞ்சு போச்சே என்று அவன் ஒரு இடத்திலும் கூசுவதில்லை.

பொட்டி தட்டுகிறவன் கண்ணுக்கு இது வேற மாதிரித் தெரியும். அந்த மாலை ஒரு டோக்கன். கூனிதான் கேட்வே. வாங்குபவன் பெயர், குலம், கோத்திரம் எதுவும் கேட்கப்படுவதில்லை. பொன் கொடு, மாலை வாங்கு, மாலையைக் காட்டு, உள்ளே போ. ரசீது கிடையாது, பேரேடு கிடையாது. காகிதத்தில் பார்த்தால் முழு அநாமதேயம்! ஆனா கூனி பின்னாடி யார் நடந்து போறான்னு தெருவே பார்த்துக்கிட்டு நிக்குது. பெயர் எழுதாததால் மட்டும் ரகசியம் வந்துடாது. இதை நினைவில் வைங்க, பிட்காயின் வரும்போது தேவைப்படும்.

இன்னொண்ணு. மாலை கை மாறும் இடத்தில் மாதவி இல்லவே இல்லை. விலை வைப்பது அவள் இல்லை, விற்பது அவள் இல்லை, யார் வாங்கலாம் என்று சொல்வதும் அவள் இல்லை. பன்னிரண்டு வயது. இன்றைய சட்டத்தில் அவள் குழந்தை, இதில் சம்பந்தப்பட்ட அத்தனை பேரும் ஜெயிலில் இருப்பார்கள். "ஆஹா, என்ன ஒரு திறந்த சமூகம்"ன்னு புல்லரிக்கிற முன்னாடி இதையும் சேர்த்துப் படிக்கணும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த அந்தப் பரிமாற்றத்தில் அவளுக்கு மட்டும் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

ரசீது இல்லாத பொருளின் ஆபத்தையும் இளங்கோவே காட்டிவிடுகிறார். மதுரையில் கோவலன் கையில் ஒரு சிலம்பு. யார் கையில் இருக்கோ அவர் பொருள் என்கிற வகைச் சொத்து. இது என் மனைவியுடையது என்று நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இல்லை. உடைச்சுப் பார்த்தாத்தான் உள்ளே மாணிக்கமா முத்தான்னு தெரியும். உடைக்கும்போது அவன் உயிரோடு இல்லை.

ஆக, எழுதாமல் விட்டாலும் கழுத்துக்குக் கத்தி வரும், எழுதினாலும் வரும். எங்கே எழுதுறோம், யார் படிக்கப் போறாங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு.

எழுதியதால் வந்த மரியாதைக்கு ஒரு உதாரணம் காவிரிக்கரையிலேயே இருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வாக்கிலான கல்வெட்டு. பல ஊர்க் கோயில்களில் இருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலில் இருந்து வந்தவர் என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிடறேன்: இவர்களைப் பாலியல் தொழிலோடு முடிச்சுப் போட அந்தக் கல்வெட்டில் எந்த ஆதாரமும் கிடையாது. சோழர் காலக் கோயில் பெண்கள் பற்றி லெஸ்லி ஓர் எழுதிய புத்தகம் 2000இல் வந்தது. அது இந்தப் பழைய பழக்கதோஷத்தைத்தான் உடைக்குது. நான் இவர்களை இழுப்பதற்குக் காரணம் வேற. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வருமானம், இது அவள் வீட்டு முகவரி என்று ஊரறியக் கல்லில் எழுதினால் அது அவமானமா இல்லாமல் உரிமையா இருந்த காலம் ஒண்ணு இருந்திருக்கு. கலம் நெல் வரலைன்னா சுவரைக் காட்டிக் கேட்கலாம்.

நடுவில் எட்டு நூற்றாண்டைத் தாவுகிறேன், மன்னிக்கவும். டெல்டாவின் மைனர் காலத்துக்கு வருவோம். மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் காவிரிப் பாசன நிலத்தை வேலி வேலியாக அழித்த கதைகளுக்குத் தஞ்சை மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. அங்கேயும் ரகசியம் என்று பெரிசா ஒண்ணும் இல்லை. எந்த வண்டி எந்த வாசலில் நிக்குதுன்னு ஊருக்குத் தெரியும். நகையாகக் கொடுத்தால் தடயம் இல்லை. நிலமாகக் கொடுத்தால்? 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி நிலத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரம் வேணும். சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் பெயர் ஏறும். பிற்பாடு மைனரின் பங்காளிகள் சண்டைக்கு வந்தால் அவளைக் காப்பாற்றுவது அந்தப் பதிவுதான்.

இந்த உலகத்தை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். மூவலூர் மயிலாடுதுறைக்குப் பக்கம். அங்கேயிருந்து கிழக்கே வண்டியை விட்டால் பூம்புகார். 1936இல் வந்த அவருடைய நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தலைப்பிலேயே இரண்டு பேரும் இருக்காங்க, கவனிச்சீங்களா? முத்துலட்சுமி ரெட்டியும் அவரும் இன்னும் பலரும் போராடியதன் முடிவில் 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது.

ஆனா பெண்ணை மட்டும் பதிவு செய்யும் பழக்கம் அதுக்கு முன்னாடியே வேற வாசல் வழியா உள்ளே வந்தாச்சு. 1868ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம். தொற்றுநோய்ச் சட்டம் என்று பெயர். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வருது, அதுக்கு மருந்து: சட்டம் அமலான நகரங்களில் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிவு செய்யணும், மருத்துவப் பரிசோதனைக்கு வரணும், நோய் இருந்தா பூட்டிய ஆஸ்பத்திரியில் இருக்கணும். சிப்பாய்க்குப் பதிவு? கிடையாது. காசு கொடுக்கிறவன் யார் என்பதற்கு ஒரு வரி கூட அந்தப் பேரேட்டில் இடம் இல்லை. கல்கத்தாவில் 'சௌத்தோ ஆயின்', பதினாலு சட்டம் என்றாலே ஜனங்களுக்கு இதுதான். பதிவுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய பெண்கள் நிறைய. 1888இல் சட்டத்தை எடுத்துட்டாங்க. பழக்கத்தை எடுக்க முடியலை.

ராஜராஜன் சுவரும் பதிவுதான், 1868 பேரேடும் பதிவுதான். முதலாவதில் அவளுக்கு நெல் வரும். இரண்டாவதில் அவளைத் தேடிப் போலீஸ் வரும்.

அப்புறம் நீண்ட காலம் ரொக்கம். ரொக்கம் ரெண்டு பக்கமும் வாயைத் திறக்காது. அதனாலேயே அதை எவன் வேணும்னாலும் புடுங்கலாம்: தரகர், ரவுடி, காக்கிச் சட்டை, வீட்டுக்காரன். பேங்கில் போடலாம்னா முகவரிச் சான்று கேட்பாங்க, என்ன வேலைன்னு கேட்பாங்க. அதனால் பணம் தலையணைக்கு அடியில், அவசரத்துக்குக் கந்துவட்டி.

கல்கத்தா சோனாகாச்சியில் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 1995இல் உஷா கூட்டுறவுச் சங்கம், பாலியல் தொழிலாளிகளே நடத்துவது. பதிவு செய்யப் போனபோது ஒரு சிக்கல். கூட்டுறவுச் சட்டத்தில் உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உள்ளவர்களா இருக்கணும்னு ஒரு விதி. 'இல்லத்தரசிகள்'னு போட்டுக்குங்களேன், சுலபமா முடிஞ்சிடும் என்றார்கள் அதிகாரிகள். இவங்க மாட்டேன்னுட்டாங்க. எங்க தொழிலைப் போட்டுத்தான் பதிவு வேணும். மேற்கு வங்க அரசு விதியை மாத்திச்சு, சங்கம் பதிவாச்சு.

முதல்ல படிச்சப்ப எனக்கு இது புரியலை. ரகசியம் வேணும்கிறவங்க ஏன் தொழிலை எழுதச் சொல்லிச் சண்டை போடறாங்க? யோசிச்சா புரியுது. தனியாக ஒரு பெண்ணின் கணக்கில் எழுதினால் அது காட்டிக்கொடுப்பது. ஆயிரம் பேர் சேர்ந்து தங்கள் சொந்தச் சங்கத்தின் வாசலில் எழுதினால் அது வேற. எங்கே எழுதணும், எங்கே எழுதக் கூடாது என்பதை அவங்களே முடிவு பண்ணினாங்க. மாதவிக்குக் கிடைக்காதது அதுதான்.

2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது. புழக்கத்தில் இருந்த ரூபாயின் மதிப்பில் 86 சதவீதம் சுமார் நாலு மணி நேரத்தில் வெறும் காகிதம். அரிசி டப்பாவில் ஒளிச்சு வச்ச அம்மாக்களே முழிச்சாங்க. வீட்டுக்குத் தெரியாத வருமானத்தை வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்து வச்சவங்களை நினைச்சுப் பாருங்க. அதே வருஷம் ஏப்ரலில்தான் யுபிஐ வந்திருந்தது. ரொக்கம் காணாமப் போனதும் நாடே கியூஆருக்கு மாறிச்சு.

இப்ப என் தொழிலுக்குள்ள வரேன்.

யுபிஐயில் ஒருத்தர் பணம் அனுப்பினால் என்னென்ன கசியும்? பெறுபவரின் பேங்க் கணக்கில் உள்ள பெயர் அனுப்புபவர் திரையில். அனுப்புபவர் பெயர் பெறுபவர் திரையில். பல பேரின் யுபிஐ முகவரியே போன் நம்பர்தான். அதை வாட்ஸப்பில் போட்டால் முகம், குழந்தை போட்டோ எல்லாம் வரும். பணம் ஏறினதும் பேங்கில் இருந்து எஸ்எம்எஸ். அந்த போன் பெரும்பாலும் வீட்டில் பிள்ளை கையில் இருக்கும். மாசக் கடைசியில் பாஸ்புக்கில் வரி வரியா ஆண்கள் பெயர், ராத்திரி நேரம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னா பாஸ்புக்கை வாசிச்சுச் சொல்வதே மகள்தான். பேங்க் நினைச்சாலும் இதை அழிக்க முடியாது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்.

இந்த விஷயத்தில் எழுதப்படும் அறிவுரையில் முக்கால்வாசி வாடிக்கையாளருக்குத்தான். மனைவி கண்ணில் படாமல் எப்படி அனுப்புவது, ஸ்டேட்மெண்டில் என்ன பெயர் விழும், இத்யாதி. ஐயாவுக்கு வீட்டில் சண்டை வரும், ஒத்துக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வீடே போகும். வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே சாமான் தெருவில். முழுப் பெயர் கிடைச்சதும் முகநூலில் தேடி ஊரைக் கண்டுபிடிச்சு மிரட்டுவதற்குப் பெரிய ஹேக்கர் எல்லாம் தேவையில்லை.

முன்னாடி ஒரு சின்ன ஓட்டை இருந்தது. கியூஆரில் எழுதிய பெயரையோ, நாம போனில் சேமித்து வைத்த பெயரையோ சில செயலிகள் காட்டும். புனைபெயர் தப்பிச்சுக்கும். மோசடி பெருகுதுன்னு தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதை அடைச்சது: 2025 ஜூன் 30க்குள் எல்லாச் செயலிகளும் பணம் அனுப்பும் முன் பேங்க் பதிவில் உள்ள பெயரை மட்டுமே காட்டணும். நல்ல விதிதான். நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் கை தூக்கியிருப்பேன். என் பணத்தைக் காப்பாத்துது. யாருடைய பெயரைத் திறந்து காட்டித் தன் வேலையைச் செய்யுது என்று அப்போது எனக்குத் தோணியிருக்காது. கடை வச்சிருக்கிறவர் வணிகர் கணக்கு எடுத்துக் கடைப் பெயரைக் காட்டிக்கலாம். இவர் எந்தக் கடையின் பெயரில் எடுப்பார்?

சட்டம் இன்னும் ஒரு முடிச்சு போடுது. ஒரு பெண் தன்னிச்சையாகத் தனியே இந்தத் தொழில் செய்வது இந்தியாவில் குற்றம் இல்லை. ஆனால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, இன்னொருவரின் இந்த வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரையும் குற்றவாளி ஆக்குது. இரண்டு வருஷம் வரை சிறை. தரகனைப் பிடிக்கப் போட்ட வலை. அதில் அந்தப் பெண் பணம் அனுப்பும் வயசான அம்மாவும் சிக்கலாம், காலேஜ் படிக்கும் பத்தொன்பது வயசு மகனும் சிக்கலாம். ரொக்கமா இருந்தப்ப இதை நிரூபிப்பது கஷ்டம். இப்ப வந்த பணமும் போன பணமும் ஒரே ஸ்டேட்மெண்டில் தேதி நேரத்தோட இருக்கு.

சரி, எங்க ஆளுங்க யாருமே இதை யோசிக்கலையா? யோசிச்சாங்க. டேவிட் சாம் 1982லயே கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடும் ஒரு கணித வித்தையைக் கொடுத்தார். பேங்க் ஒரு நாணயத்தில் கையெழுத்துப் போடும், ஆனா எந்த நாணயம்னு அதுக்கே தெரியாது. செலவு பண்ணினவர் யாருன்னு பின்னாடி கண்டுபிடிக்க முடியாது. டிஜிகேஷ் என்று கம்பெனியும் ஆரம்பிச்சார், 1998இல் திவால். அந்த வடிவமைப்பில் ஒரு விஷயத்தைக் காலேஜில் படிச்சப்ப நான் கவனிக்கவே இல்லை. மறைக்கப்படுவது பணம் கொடுக்கிறவர் மட்டும்தான். வாங்குறவர் நாணயத்தைப் பேங்கில் கொண்டு போய்க் கொடுக்கணும், அவர் வருமானம் பேங்குக்குத் தெரியும். வரி ஏய்ப்பும் லஞ்சமும் கூடாதே, அதனால் வேணும்னே அப்படி. இன்னிக்கு வரும் டேலர் திட்டமும் இதே கொள்கைதான். நியாயமான காரணம். ஆனாலும் 1868 பேரேட்டின் வாசனை அடிக்குது, இல்லையா?

அமெரிக்காவில் இது வேற ரூபத்தில் வந்தது. பேக்பேஜ் என்கிற விளம்பரத் தளத்தை 2015இல் விசாவும் மாஸ்டர்கார்டும் கழட்டி விட்டன. விளம்பரம் போட்டவங்க பிட்காயினுக்குப் போனாங்க. பெயர் இல்லாத பணம், இனி யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. 2017இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விளம்பரம் ஏறிய நேரத்தையும், பிட்காயின் பேரேட்டில் அதே விலைக்குப் பணம் போன நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எந்த விளம்பரத்துக்கு எந்தப் பணம் என்று பொருந்திப் போச்சு. மாலையில் பெயர் இல்லை, ஆனா கூனி பின்னாடி நடந்து போனவனைத் தெரு பார்த்துடுச்சு! 2018 ஏப்ரலில் தளத்தையே அரசு பறிமுதல் செய்தது.

அந்த ஆராய்ச்சியின் நோக்கம் ஆள்கடத்தல்காரர்களைப் பிடிப்பது. அதைக் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இல்லை. கடத்தப்பட்ட சிறுமியைக் கண்டுபிடிக்கப் பணத்தின் தடம்தான் சில சமயம் ஒரே வழி. அதனால "எல்லாத்தையும் மறைச்சுடு"ன்னு என்னால் எழுத முடியலை. பன்னிரண்டு வயசு மாதவியை நினைச்சா நிச்சயமா முடியலை. நீதிமன்ற ஆணையோடு வரும் அதிகாரிக்கு ஸ்டேட்மெண்ட் கிடைப்பது ஒண்ணு. நூறு ரூபாய் அனுப்பப் பார்க்கும் எவனுக்கும் முழுப் பெயர் கிடைப்பது வேற ஒண்ணு. நாம ரெண்டையும் ஒரே குழாயில் விட்டிருக்கோம்.

இதைப் பிரிக்கலாம்னு நம்ம நாட்டிலேயே ஒரு இடத்தில் காட்டியிருக்காங்க. 1999இல் கல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். குற்றவாளியின் மேல்முறையீடு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது. நீதிபதிகள் அதோட கோப்பை மூடலை. இந்தப் பெண்களின் மறுவாழ்வைத் தாமாகவே வழக்கா எடுத்துக்கிட்டாங்க. கொரோனா முடக்கத்தில், 2020 செப்டம்பரில், அடையாளச் சான்று கேட்காமல் ரேஷன் கொடுங்க, ரகசியத்தைக் காப்பாத்துங்க என்று மாநிலங்களுக்கு உத்தரவு. 2022 மே 19 உத்தரவில் ஆதார். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன அதிகாரி கொடுக்கும் சான்றிதழை வைத்து ஆதார் கொடுக்கலாம். கூடவே ஒரு நிபந்தனை: இவர் இந்தத் தொழில் செய்பவர் என்று காட்டும் எந்தக் குறியீடும் பதிவு எண்ணில் இருக்கக் கூடாது.

அந்த நிபந்தனையைப் படிச்சப்ப எழுந்து நின்னு கை தட்டணும் போல இருந்தது. பல வருஷமா டேட்டாபேஸ் வடிவமைக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஃப்ளாக் வைப்பது எங்க ரத்தத்தில் ஊறினது. யாரோ ஒருத்தர் அந்த ஃப்ளாக் என்ன செய்யும்னு முன்கூட்டியே யோசிச்சிருக்காங்க. உஷா சங்கம் 'எழுது' என்றதும் இங்கே 'எழுதாதே' என்றதும் எனக்கு ஒரே கோரிக்கையாத்தான் தெரியுது.

பெயர் காட்டும் திரைக்கும் மாற்று வழி இருக்கு, புதுசா எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பிரிட்டனில் 2020இல் இருந்து நடைமுறையில் இருப்பது தலைகீழ்: அனுப்புபவர்தான் பெயரை எழுதணும், பேங்க் 'பொருந்துது', 'பொருந்தலை' என்று பதில் சொல்லும். முழுக்கப் பொருந்தலைன்னா உண்மைப் பெயரைக் காட்டாது. (கிட்டத்தட்டப் பொருந்தினால் காட்டிடும், அந்த ஓட்டை அங்கே இருக்கு.) ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ நாடுகளிலும் 2025 அக்டோபரில் இருந்து இப்படி ஒரு சரிபார்ப்பு கட்டாயம். நம்ம ஊரிலும் கணக்குக்கு ஒரு அழைப்புப் பெயரைப் பேங்கே சரிபார்த்துப் பதிவு செய்துட்டு, அதை மட்டும் திரையில் காட்டலாம். உண்மைப் பெயர் பேங்கோடு இருக்கட்டும். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். "யாருக்குடா தேவைப்படும்?"ன்னு கேட்டாங்க. இளநீர்க் கடைக்காரர் வீட்டம்மாவுக்குன்னு சொல்லிவச்சேன். முழுக்காரணத்தையும் சொல்லத் தைரியம் வரலை. அதான் இங்கே எழுதறேன்.

மாலையைப் பத்தி ஆரம்பிச்சேன், ஓலையையும் சொல்லிடறேன். பிரிஞ்சு போன கோவலனுக்கு மாதவி ரெண்டு தடவை எழுதுகிறாள். முதலாவது தாழை மடலில் எழுதி, வசந்தமாலை கையில் கொடுத்தது. அவன் வாங்க மறுத்துட்டான். ரெண்டாவது ஓலை மதுரைக்குப் போற வழியில் கோசிகன் கையால் கிடைக்குது. மேலே மண் முத்திரை, அதில் அவள் கூந்தலால் வைத்த பதிவு. கூட இருந்த காலத்தில் பழகிய எண்ணெய் வாசனை அதில் வருது. யார் அனுப்பினதுன்னு கோவலனுக்கு மட்டும் தெரியும். தூக்கிக்கிட்டு வந்த கோசிகன் மூக்குக்கு அது வெறும் மண். ஊரே பார்க்க விலை கூறப்பட்டவள், தானே அனுப்பும்போது பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறாள்.

உள்ளே இருந்த வாசகம் எவ்வளவு பொதுவா இருந்ததுன்னா, படிச்சு முடிச்ச கோவலன் அதே ஓலையைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து, இதை என் அப்பா அம்மாவிடம் சேர்த்துடுங்க, நான் சொல்ல வேண்டியதும் இதுதான் என்று அனுப்பி வைக்கிறான்.